இருபது வருடமாகத் தைத்த போர்வை

புதுப்பட்டினத்தில் இருந்துகொண்டு மூன்று அடுக்குத் துணி வைத்துப் போர்வை தைக்க உட்காருகிறவளுக்குப் புத்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வருடத்தில் பத்து மாதம் ரவிக்கையே பாரமாகத் தெரிகிற ஊர் இது. மீதி இரண்டு மாதம் மழை பெய்யும், அப்போதும் புழுங்கும். கடற்காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். அந்தக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், கேஸ் அடுப்பைத் தின்னும், பீரோவின் காலைத் தின்னும். வியர்வையை மட்டும் தொடாது. இந்த ஊரில்தான் நான் என் மகளுக்கு ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது.

அப்போது நாங்கள் ஊரை ஒட்டியிருக்கிற டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. மகளிர் மன்றத்தில் வியாழக்கிழமை மதியம் வகுப்பு எடுக்க ஒரு பெரிய அதிகாரியின் மனைவி வந்தார். அவர் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் கணவரோடு இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பியதில் இருந்து அந்தக் குளிரை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார், நாங்கள் கிடைத்தோம். துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, கீழே ஒரு துணி, நடுவில் ஒரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்து மேலே தையல் ஓட்ட வேண்டும். வெளிநாட்டில் இதைக் கலை என்கிறார்கள் என்று சொன்னார். பதினான்கு பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினோம். எதிர்த்துக் கேட்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை. அவர் கணவர் எங்கள் கணவர்களுக்கெல்லாம் மேலே இருந்தவர்.

பதினான்கு பேரில் ஒருத்தியும் முடிக்கவில்லை. அந்த அம்மாளே மாற்றலாகிப் போகும்போது தன்னுடையதைப் பாதியில் சுருட்டிக்கொண்டுதான் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த அம்மாள் ஊரைவிட்டுப் போனார். என் போர்வை எங்கும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகள் தனக்குச் சின்னதாகிப்போன கவுன்களைத் தானே பொறுக்கி எடுத்துக் கொடுத்திருந்தாள். நீலப் புள்ளி போட்டது, மஞ்சளில் வாத்து போட்டது, பள்ளிக்கூட யூனிஃபார்மின் கட்டம். ஒவ்வொன்றையும் நான் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சதுரம் எங்கே வர வேண்டும் என்று அதிகாரம் பண்ணினாள். நடுவில் வைக்க அவளுடைய அப்பாவின் பழைய வேட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுக் கேட்பாள்.

"எப்ப மா முடியும்?"

"அடுத்த மாசம்" என்பேன்.

இரண்டு வருடம் கேட்டாள். பிறகு நிறுத்திவிட்டாள். அவள் கேட்பதை நிறுத்தியபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

போர்வையோடு சேர்ந்து மற்றவையும் ஒரு சூட்கேசுக்குள் போயின. வெட்டி வைத்துத் தைக்காதது, தைத்து மடிக்காதது, மடித்துப் பித்தான் வைக்காதது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் புதுப்பட்டினத்தில் சொந்த வீட்டுக்கு வந்தபோது அந்தச் சூட்கேசை என் கணவர்தான் தூக்கி வந்தார். பரண்மேல் போட்டுவிட்டு, "உன் மியூசியத்த ஏத்தியாச்சி" என்றார்.

இந்த வருடம் மகள் உண்டாகியிருந்தாள். ஐ.டி. வேலை, கேளம்பாக்கம் பக்கம் பதினோராவது மாடியில் ஃபிளாட். நான்காம் மாதம், வாந்தி நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். அந்த வீட்டில் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். காசு கொடுத்துக் குளிரை வரவழைத்து, அப்புறம் அந்தக் குளிருக்குப் பயந்து போர்த்திக்கொள்ளுகிற ஜென்மங்களை நான் அங்கேதான் பார்த்தேன். நான் சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஹாலில் தன் மாமியாரோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்கு அம்மா வீட்டில் என்னவெல்லாம் தயார் பண்ணுகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"எங்கம்மாவ நம்பி ஒண்ணும் வெக்காதீங்க அத்தை" என்றாள் என் மகள். "அவங்க எல்லாத்தையும் ஆரம்பிப்பாங்க. முடிச்சதா சரித்திரமே இல்ல. அஞ்சாவது படிக்கும்போது எனக்குப் போர்வை தைக்கறேன்னாங்க. இன்னும் தைச்சிகினேதான் கீறாங்க."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. வீட்டில் ஒரு பழைய நாற்காலி ஆடுகிறது என்று சொல்லுவது போலச் சொன்னாள், அவ்வளவுதான். நுரை கட்டும்போதே இறக்க வேண்டிய ரசம் தளதளவென்று கொதித்துப் பாழாய்ப் போனது. எனக்கு வந்த கோபத்தில் அதையே அவள் சோற்றில் ஊற்றினேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அத்தனை கோபம் வந்திருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கோவளம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஒன்பதாம் மாதம் செங்கல்பட்டில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவோம். அவள் உள்ளே நுழைகிற அன்று அந்தப் போர்வை கட்டிலில் விரிந்திருக்க வேண்டும், நான்கு ஓரமும் அடித்து, ஒரு நூல் தொங்காமல். "முடிச்சிட்டியா மா?" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பரணில் இருந்து சூட்கேசை இறக்கித் திறந்தால் துரு வாடை. துணிக்குள் குத்தி வைத்த குண்டூசிகளை நான் எடுக்கவே இல்லை. எந்த வருடமோ, ஏதோ ஒரு மாலை குக்கர் விசில் அடித்திருக்கும், "வந்துடறேன்" என்று எழுந்து போயிருப்பேன். அவ்வளவுதான் நடந்தது. இந்த ஊர்க் காற்று பெட்டிக்குள்ளும் போய்த் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு ஊசிக்கும் மேலே ஒரு பழுப்புக் கறை, கீழே ஒரு பழுப்புக் கறை. சில ஊசிகள் இழுத்தபோது உடைந்து பாதி உள்ளேயே நின்றன. வாத்தின் கண்ணிலேயே ஒரு கறை. குளிர் தேசத்து அம்மாள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. அங்கே ஊசி துருப்பிடிக்காது போலிருக்கிறது. ஆனால் நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இரும்பை இந்த ஊரில் வெறுமனே விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்து ஒவ்வொரு கறையாகத் தடவி, மொட்டைமாடி வெயிலில் நாலு நாள் போட்டேன். பாதி போனது. மீதியைப் பார்த்துப் பார்த்து என்னையே திட்டிக்கொண்டேன்.

போர்வையை உடனே தொடப் பயமாக இருந்தது. முதலில் சில்லறைகளைத் தீர்ப்போம் என்று ஆரம்பித்தேன். கணவருக்கு வெட்டி வைத்த பைஜாமா ஒன்று இருந்தது. வெட்டிய காலத்தில் அவருக்கு ஒரு இடுப்பு இருந்தது. இப்போது அது எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கே தெரியாது. ரிடையர் ஆனதில் இருந்து தினம் காலையில் நான்கு பேராகச் சேர்ந்து சதுரங்கப்பட்டினம் வரை நடந்து போய், நாட்டைத் திருத்திவிட்டு, வழியில் வடையும் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பழைய அளவிலேயே பைஜாமாவைத் தைத்து நாடாவும் கோத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது ஆருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

"ஏறாதும்மா."

"ஏத்தறது உங்க வேல. தைக்கறது என் வேல. என் வேல முடிஞ்சிது."

அடுத்து குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வாங்கிய திரைத்துணி. அந்த ஜன்னல்களில் இப்போது வேறு யாரோ கைலி காயப்போடுகிறார்கள். அந்த அளவிலேயே மடித்துத் தைத்து, இந்த வீட்டு ஜன்னலில் மாட்டினேன். கீழே முக்கால் அடி குறைந்தது. கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "இன்னா இது, ஜன்னலுக்கு அரை டிராயர் போட்ட மாரி கீது" என்றார். அப்படியேதான் இருந்தது. ஆனால் முடிந்திருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அந்த ருசி தெரியாமலே போயிருக்கிறது. தைத்து, பல்லால் நூலைக் கடித்துத் துப்புகிற அந்த ஒரு நொடியில், இந்த வீட்டில் இருக்கிற எல்லோரையும்விட நான் ஒரு படி உயரமாக இருந்தேன்.

இதற்கு நடுவில் உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மகாபலிபுரம் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், வேடந்தாங்கல் பக்கத்தில் இருக்கிற என் கணவரின் சொந்தங்கள் வேன் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். காலையில் போய்க் கல்லைப் பார்ப்பார்கள், மதியம் வந்து சோற்றைப் பார்ப்பார்கள். போன வருடமும் இதே கல்தான், இதே சோறுதான். நான் ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைத் தையல் மிஷினிலும் வைத்துக்கொண்டு ஓடினேன். அவர்களில் ஒரு பெண் விரித்து வைத்திருந்த போர்வைமேல் உட்கார்ந்து குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, "ஒட்டு போட்டு தைச்சிகினு கீறீங்களே, பொண்ணு நல்லாதான சம்பாரிக்குது" என்றாள். கிழிந்ததற்கு ஒட்டுப்போடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் விளக்கவில்லை. குளிர் தேசத்துக் கலையை அவளுக்குப் புரியவைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

பெட்டியில் இன்னும் ஒரு கவுன் இருந்தது. மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட விழாவில் ஆடுவதற்காகத் தைத்தது. இளம் சிவப்பு, இடுப்பில் சுருக்கம், ஒரு கைதான் வைத்திருந்தேன். அந்த விழாவில் அவள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தையின் கவுனை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடினாள். நன்றாகத்தான் ஆடினாள். இப்போது இன்னொரு கையையும் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, கதவில் மாட்டி வைத்தேன். பார்க்க எனக்கே சிரிப்பாக இருந்தது. இருபத்துமூன்று வருடம் தாமதமாக ஒரு கை.

அந்தக் கவுன் கதவில் தொங்கிய அன்றுதான் சம்மந்தியம்மாள், அதாவது மகளின் மாமியார், செங்கல்பட்டில் இருந்து வளைகாப்பு நாள் குறித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் நல்லதைக்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு செய்வார், அல்வாவைக் கொடுப்பதே துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். காபி டம்ளரை வாயருகே கொண்டு போனவர் கதவைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"இது இன்னா சம்மந்தி?"

"கவுன்."

"கொழந்த கவுனா?"

"உங்க மருமகளோடது. ரெண்டாவது படிக்கும்போது தைச்சது. கை இல்லாம இருந்துச்சு, இப்ப வெச்சேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போன தடவையும் நீங்க..." என்றார். அப்புறம், "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

போன தடவை நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன் மகள் முதல்முறை உண்டானாள். எங்கள் பக்கத்தில் பிறக்காத குழந்தைக்குப் புதுத்துணி எடுக்க மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தீட்டுக் கழிந்து, பெயர் வைத்த பிறகுதான் புதுசு. எனக்கு அதெல்லாம் கிண்டலாக இருந்தது. படித்தவர்கள் நிறைந்த ஊரில் முப்பது வருடம் இருந்தவள் நான், என் கணவர் அணுவைப் பிளக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். மெல்லிய வெள்ளைத் துணி எடுத்து, முன்னால் நாடா வைத்து மூன்று சட்டை தைத்தேன். ஒரே வாரம். வாழ்க்கையில் நான் சொன்ன நாளுக்கு முடித்த தையல் அந்த மூன்று மட்டும்தான். பெருமையாகச் செங்கல்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினேன். சம்மந்தியம்மாள் கையில் வாங்கவில்லை. அந்த மாதமே, ஐந்தாம் மாதத்தில், கரு தங்காமல் போய்விட்டது.

டாக்டர் காரணம் சொன்னார். எழுதியும் கொடுத்தார், அந்தக் காகிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அதற்கும் நாடா வைத்த சட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டரை நான் முழுசாக நம்புகிறேன். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்மந்தியம்மாள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். மகளும் இன்றுவரை அந்தச் சட்டைகளைப் பற்றிப் பேசியதில்லை. "முடிச்சதா சரித்திரமே இல்ல" என்று போனில் சொன்னபோது அவள் மறந்துதான் சொன்னாளா, இல்லை அதை எண்ணிக்கையில் சேர்க்க மனம் வராமல் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சட்டைகள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கின்றன. நான் தூக்கிப் போடவில்லை.

சம்மந்தியம்மாள் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கவுனைக் கழற்றி உள்ளே வைத்தேன். ஆனால் போர்வையை வைக்கப் போவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டேன். போர்வை குழந்தைக்கு இல்லை, என் மகளுக்கு. துணி புதுசும் இல்லை, எல்லாம் அவள் கிழித்த கவுனும் அவள் அப்பன் கட்டிய வேட்டியும். இதில் யாருக்கு என்ன வந்தது?

மறுநாள் காலையில் மீன்காரம்மா வந்தாள். பத்து வருடமாக என் வீட்டுப் படியில்தான் கூடையை இறக்கி வைத்து ஆய்ந்து கொடுப்பாள். உள்ளே விரித்திருந்த போர்வையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பொண்ணு மாசமா கீற நேரத்துல தையலு?"

"பழைய துணிதான்."

சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். "துணி பழசுதான். வெட்டித் தைச்சிட்டா புதுசு ஆயிடாதா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் கமிட்டியில் உட்கார்ந்தவர், விடுவாரா? "மூலப்பொருள் பழசு. ஆனா தயாரிப்பு தேதி புதுசு" என்றார். "அதனால ரெண்டுங்கெட்டான்."

"சுத்தி ஓரம் அடிக்க இன்னா துணி?" என்றாள் மீன்காரம்மா.

"செங்கல்பட்டுல வாங்கினேன். கருநீலம்."

"அப்ப அது புதுசு." தீர்ப்புச் சொல்கிற மாதிரி கத்தியைக் கூடையில் தட்டினாள். "ஓரம் புதுசுன்னா மொத்தமும் புதுசுதான்."

"ஓரத்தையும் பழசுல அடிச்சிடேன்" என்றார் கணவர். பெரிய கண்டுபிடிப்பைச் சொன்ன முகம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒருவர் அணு ஆராய்ச்சி, ஒருத்தி மீன் வியாபாரம். இருவருமாகச் சேர்ந்து என் போர்வைக்கு வயது கணக்குப் பார்க்கிறார்கள். பழசில் ஓரம் அடித்தால் இரண்டு துவைப்பில் நைந்துவிடும் என்று இந்த இருவருக்கும் யார் சொல்வது?

மீன்காரம்மா கூடையைத் தலையில் ஏற்றும்போது சொன்னாள். "கோச்சிக்காதக்கா. தை, ஆரு வேணான்னது? ஒரு சாண் மட்டும் வுட்டுடு. முடியாத பொருளு புதுசு கெடையாது. எங்க வூட்ல புது வலைக்கே ஒரு கண்ணு போடாம வுட்டு வெப்பாங்க. தண்ணில எறக்கற அன்னிக்குதான் போடுவாங்க. கொழந்த நல்லபடியா வந்து அழுதுச்சுன்னா, அப்ப போடு அந்த ஒரு சாண."

"இருவது வருஷம் கழிச்சி முடிக்கலாம்னு ஒக்காந்தா, முடிக்காதங்கிற" என்றேன்.

"இருவது வருஷம் இருந்தது, இன்னும் ரெண்டு மாசம் இருக்காதா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளுக்குச் சுலபம். அவள் மகள் அவளைப் பற்றி ஸ்பீக்கரில் சிரிக்கவில்லை.

நான் தைத்தேன். காலையில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால், டிபன் நேரம் வரைக்கும் தையல்தான். உடைந்த ஊசிகளைச் சாமணம் வைத்துப் பிடுங்கினேன், கறை போகாத இடத்தில் பூத்தையல் போட்டு மறைத்தேன், வாத்துக்குப் புதுக் கண் வைத்தேன். மிஷினில் தடிமன் போகவில்லை என்று பாதியைக் கையாலேயே தைத்தேன். விரல் நுனி ஓட்டையாகிவிட்டது. கணவர் தானாகவே காபி போட ஆரம்பித்தார். அதைக் குடிப்பதும் ஒரு தண்டனைதான், ஆனால் அவர் போட்டார். வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது மூன்று ஓரம் அடித்திருந்தேன். முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, நான்காவது ஓரத்தில் ஒரு சாண்தான் மீதி இருந்தது.

இருபது தையல் இருக்கும். ஊசியில் நூல் கோத்திருந்தது. ஐந்து நிமிட வேலை.

நான் அதை நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. சம்மந்தியம்மாளின் தொங்கிய முகத்தையோ, மீன்காரம்மாவின் வலையையோ நான் நம்பவில்லை. துணிக்குக் காது கிடையாது, கண் கிடையாது, அது யாரையும் எதுவும் செய்யாது. இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை போகவில்லை. அந்த வராந்தாச் சுவர் ஞாபகம் வந்தது. அன்று மகள் முகத்தை என் பக்கம் திருப்பாமல் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. இத்தனை வருடம் எல்லோரையும் பார்த்துச் சிரித்த நான், இருபது தையலுக்குப் பயந்து மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில் அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நானாகத்தான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஏழு வகைச் சாதம் செய்துகொண்டு போனோம். போட்டோக்காரன் ஒவ்வொரு வளையலையும் மூன்று தடவை போடச் சொன்னான். சந்தனம் பூச வந்தவர்கள் எல்லோரும் மகள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார்கள். சம்மந்தியம்மாள் வழியனுப்பும்போது என் கையைப் பிடித்து, "பத்திரமா பாத்துக்கோங்க" என்றார். நான்தான் ஏதோ திருட வந்தவள் மாதிரி இருந்தது. டாக்டர் அடுத்த மாதம் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மகள் இரண்டு கையிலும் வளையல் கலகலக்க அறைக்குள் போனாள். கட்டிலில் போர்வை விரிந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். நீலப் புள்ளியைத் தடவினாள், வாத்தைத் தடவினாள். ஓரத்தை ஓட்டிக்கொண்டே வந்த விரல் அந்த ஒரு சாணில் வந்து நின்றது. ஊசி அங்கேயே குத்தியிருந்தது.

"மா" என்றாள். "இதையும் வுட்டுட்டியா?"

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு சாண்தான மா கீது. இத்தினி பண்ணிட்டு இத்த முடிக்கலையா?" போனை எடுத்து அந்த இடத்தை மட்டும் பெரிதாகப் படம் பிடித்து, தன் புருஷனுக்கு அனுப்பினாள். பின்னால் நின்றிருந்த என் கணவர் வாயைத் திறந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

"நேரம் கெடைக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அதைத்தான் இப்போது போர்த்திக்கொள்கிறாள். பத்து வயதுப் பெண்ணின் அளவுக்குத் தைத்தது, முழங்காலுக்குக் கீழே எட்டவில்லை. அவளுக்காக இங்கேயும் ஒரு ஏ.சி. வந்துவிட்டது. கறைகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பைஜாமாவையும் ஜன்னலின் அரை டிராயரையும் பார்த்து அப்பாவும் மகளும் சிரித்துத் தீர்த்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு வலிக்கத்தான் செய்தது.

தினம் காலையில் அவள் குளிக்கப் போனதும், துணியில் இருந்து ஊசியை உருவி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அதே இடத்தில் குத்தி வைக்கிறேன். இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு வாரம் போதும். இந்த ஒரு ஊசியை மட்டும் அதற்குக் கொடுக்கப் போவதில்லை. நேற்று அவள் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பார்த்துவிட்டாள்.

"இன்னா மா பண்ணினுகீற? ஊசிக்கு எண்ண போடற நேரத்துல தைச்சே முடிச்சிருக்கலாம் இல்ல? எப்பதான் முடிப்ப?"

"அடுத்த மாசம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.